கல்லூரி ஃபுட்பாலில் உதவிப் பயிற்சியாளர்கள்: எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை, எப்படி நியமிக்கிறார்கள்?

இந்தப் பக்கம் அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றியது. சனிக்கிழமை ஆட்டங்களைப் பார்க்கிறவர்களுக்குத் தலைமைப் பயிற்சியாளரின் முகம் நன்றாகத் தெரியும். அவருக்குப் பின்னால் நிற்கும் பத்துப் பதினைந்து பேரில் யார் என்ன செய்கிறார் என்பதுதான் புரிவதில்லை. பல அணிகள் ஜெயிப்பதும் சரிவதும் அந்தப் பின்வரிசையில்தான். விதிகளும் எண்களும் பெரும்பாலும் எஃப்.பி.எஸ். எனப்படும் உச்ச மட்டத்துக்கானவை.

ஒரு அணி எத்தனை உதவிப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம்?

2018 ஜனவரி வரை 9 பேர். அந்த மாதம் முதல் 10 பேர். இந்தப் பத்துப் பேரும் தலைமைப் பயிற்சியாளரும் மட்டுமே மைதானத்தில் வீரர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லித்தரலாம் என்பதுதான் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியாக இருந்தது. முதுகலை படித்துக்கொண்டே பணிபுரியும் கிராஜுவேட் அசிஸ்டன்ட்கள் நான்கு பேருக்கு மட்டும் விலக்கு.

2024 ஜூனில் அந்தச் சுவர் இடிந்தது. பயிற்சியிலும் போட்டியிலும் வீரர்களுக்குச் சொல்லித்தரும் ஆட்களின் எண்ணிக்கைக்கு இப்போது வரம்பு கிடையாது. அனலிஸ்ட் என்ற பெயரில் கணினி முன் உட்கார்ந்திருந்தவரும் களத்தில் இறங்கி, கால் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டலாம். ஆனால் ஒரு வரம்பு மிச்சம் இருக்கிறது. கல்லூரிக்கு வெளியே போய் உயர்நிலைப்பள்ளி வீரர்களைச் சந்தித்து அழைக்கும் உரிமை இன்றும் தலைமைப் பயிற்சியாளருக்கும் 10 உதவியாளர்களுக்கும்தான். அதனால் 'பத்துப் பேரில் ஒருவர்' என்ற இடத்துக்கு மதிப்பு குறையவில்லை. முன்பு அது கற்பிக்கும் உரிமை, இப்போது பயணம் செய்யும் உரிமை.

அந்தப் பத்து இடங்களை எப்படிப் பிரிக்கிறார்கள்?

பந்தோடு முன்னேறும் ஆஃபென்ஸுக்கு ஐந்து, அதைத் தடுக்கும் டிஃபென்ஸுக்கு ஐந்து என்பது ஒரு வழி. ஐந்து, நான்கு, பந்தை உதைக்கும் தருணங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸுக்கு ஒன்று என்பது இன்னொன்று.

ஆஃபென்ஸில் ஐந்து அறைகள், அதாவது ஒரே நிலையில் ஆடுபவர்களின் குழுக்கள்: குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை ஓட்டிப் பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), வைட் ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்), டைட் எண்ட் (தடுப்பதும் பிடிப்பதும் செய்பவர்), ஆஃபென்சிவ் லைன் (முன்னால் நின்று தடுக்கும் ஐவர்). ஆஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பான கோஆர்டினேட்டர் பெரும்பாலும் குவார்ட்டர்பேக் அறையையும் தானே வைத்துக்கொள்வார். ப்ளேயை, அதாவது அடுத்த ஆட்ட நகர்வை, அழைப்பவரும் அதை ஓட்டுபவரும் வாரம் முழுக்க ஒரே அறையில் இருப்பது நல்லது.

டிஃபென்ஸில் பிரிவு அணி ஆடும் முறையைப் பொறுத்தது. முன்னால் நான்கு பேரை நிறுத்தும் அணிக்கு டிஃபென்சிவ் லைனில் இரண்டு ஆட்கள் தேவைப்படலாம்: உள்ளே நிற்கும் டேக்கிள்களுக்கு ஒருவர், விளிம்பில் நிற்கும் எண்டுகளுக்கு ஒருவர். மூன்று பேரை நிறுத்தும் அணி வெளி லைன்பேக்கர்களுக்குத் தனி ஆள் வைக்கும். இப்போது ஏறத்தாழ எல்லாரும் பின்னால் நின்று பாஸைத் தடுக்கும் டிஃபென்சிவ் பேக்குகள் ஐந்து பேரோடு ஆடுவதால் கார்னர்பேக்குக்கு ஒருவர், சேஃப்டிக்கும் ஐந்தாவது பேக்கான நிக்கலுக்கும் ஒருவர் என்று பின்வரிசையை இரண்டாகப் பிரிப்பதே வழக்கம்.

அறைகளின் அளவு சமமாக இருக்காது. இப்போதைய 105 பேர் பட்டியலில் ஆஃபென்சிவ் லைனில் மட்டும் 16, 17 பேர் இருக்கலாம். குவார்ட்டர்பேக்குகள் நாலைந்து பேர்தான். லைன் பயிற்சியாளர் ஐந்து பேரை ஒரே உடம்பாக அசையவைக்க வேண்டியவர். ஒருவர் அரை அடி தவறினாலும் ப்ளே முடிந்தது. எங்கள் பார்வையில் கோஆர்டினேட்டருக்கு அடுத்து மிகக் கவனமாகத் தேட வேண்டிய ஆள் இவர்தான். அந்த அறைக்கு ஒரு துணைப் பயிற்சியாளரையும் கொடுக்க வேண்டும். 2024-க்குப் பிறகு அதற்கு விதித் தடையும் இல்லை.

ஸ்பெஷல் டீம்ஸுக்குத் தனி ஆள் வேண்டுமா?

வேண்டும் என்பதே எங்கள் பதில். கிக்ஆஃப், கிக்ஆஃப் ரிட்டர்ன், பன்ட், பன்ட் ரிட்டர்ன், ஃபீல்ட் கோல், ஃபீல்ட் கோல் பிளாக் என்று ஆறு குழுக்கள். ஒவ்வொன்றிலும் 11 பேர், ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள். இதை டைட் எண்ட் பயிற்சியாளரின் தலையில் கூடுதலாகக் கட்டினால் இரண்டு வேலையும் அரைகுறையாகும்.

தனி ஆள் வைத்தாலும் தவறு நடக்கும் இடம் வேறு ஒன்று உண்டு. மற்ற பயிற்சியாளர்கள் தங்கள் முதல்தர வீரர்களைக் கொடுக்க மறுப்பார்கள். எந்த வீரர் எத்தனை குழுக்களில் ஆடலாம் என்பதைத் தலைமைப் பயிற்சியாளர் எழுத்தில் தீர்மானித்துவிட வேண்டும்.

கோஆர்டினேட்டர் ஒருவரே ஆட்டத் திட்டம் முழுவதையும் எழுதுகிறாரா?

இல்லை. எழுதினால் அந்த அணி திணறும்.

வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. முந்தைய நாள் ஆட்டத்தின் ஒவ்வொரு ப்ளேயையும் பார்த்து, ஒவ்வொரு வீரருக்கும் அவரவர் பயிற்சியாளர் மதிப்பெண் போடுவார். அதற்குள் அனலிஸ்ட்கள் அடுத்த எதிரணியின் கடைசி நாலைந்து ஆட்டங்களைத் துண்டு போட்டு வைத்திருப்பார்கள்: எந்த டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எத்தனையாவது), எத்தனை யார்டு மிச்சம், பந்து எந்த ஹாஷ் கோட்டில், எந்த வரிசையில் நின்றார்கள், என்ன செய்தார்கள். இந்த அட்டவணை தவறினால் அதன்மேல் கட்டும் எல்லாமே தவறும்.

அதன்பின் பொறுப்பு பிரியும். ஓட்டத் திட்டமும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அமைப்பும் லைன் பயிற்சியாளரிடம். எதிரணி கூடுதல் ஆட்களைப் பாயவிடும் பிளிட்ஸ் வந்தால் யாரை யார் தடுப்பது என்பதில் ரன்னிங் பேக் பயிற்சியாளர் அவரோடு உட்காருவார். ரிசீவர் பயிற்சியாளர் பாஸ் பாதைகளைக் கொண்டுவருவார். மூன்றாம் டவுன், ரெட் ஸோன் (எதிரணிப் பக்கத்தின் கடைசி 20 யார்டு), கோல் லைன், இரண்டு நிமிட ஆட்டம் ஆகியவற்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பதுண்டு. எல்லாவற்றையும் கேட்டு, வெட்டி, கையில் பிடிக்கும் தாளுக்குள் அடக்குவதுதான் கோஆர்டினேட்டரின் வேலை. ஒரு ஆட்டத்தில் ஆஃபென்ஸுக்குக் கிடைப்பது 65, 70 ப்ளே. 200 ப்ளே வைத்துக்கொண்டு போகிறவரின் வீரர்கள் எதையும் சரியாகப் பயிற்சி செய்திருக்க மாட்டார்கள்.

செவ்வாய் முதல் இரண்டு டவுன்கள், புதன் மூன்றாம் டவுன், வியாழன் ரெட் ஸோனும் திருத்தமும், வெள்ளி நடை ஒத்திகை என்பது பரவலான பழக்கம். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், ஒரு நாள் கட்டாய ஓய்வு என்பது விதி. வீடியோ பார்க்கும் கூட்டமும் அந்தக் கணக்கில் வரும். அதனால் நேரத்தைப் பங்கிடுவதில் உதவிப் பயிற்சியாளர்களுக்குள் உரசல் வரும். தனிப்பயிற்சிக்கு 10 நிமிடம் குறைந்தால்கூடச் சண்டை போடுபவரே நல்ல பயிற்சியாளர்.

அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல், கிராஜுவேட் அசிஸ்டன்ட்: என்ன வேறுபாடு?

கிராஜுவேட் அசிஸ்டன்ட் முதுகலை மாணவர். கல்விக் கட்டணமும் சிறு உதவித்தொகையும் கிடைக்கும். எதிரணியின் ப்ளேக்களை அட்டைகளில் வரைந்து, எதிரணிபோல் ஆடிக்காட்டும் ஸ்கவுட் டீமை அதன்படி ஓடவைப்பது அவருடைய முக்கிய வேலை. அட்டையில் லைன்பேக்கர் ஒரு அடி தள்ளி வரையப்பட்டால், முதல் அணி வாரம் முழுக்கத் தவறான படத்தைப் பார்த்துப் பழகும்.

அனலிஸ்ட்டும் குவாலிட்டி கன்ட்ரோல் ஆளும் சம்பள ஊழியர்கள். சிலர் இளைஞர்கள். சிலர் வேறிடத்தில் வேலை போன முன்னாள் தலைமைப் பயிற்சியாளர்கள். இந்த இரண்டாவது வகையை அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் அலபாமாவில் ஒரு அமைப்பாகவே வளர்த்தார். 2016 சீசனில் ஸ்டீவ் சார்கிசியன் அங்கே அனலிஸ்ட். கோஆர்டினேட்டர் லேன் கிஃபின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கின் தலைமைப் பயிற்சியாளராகப் போவதாக முடிவானபின், 2017 ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ப்ளே அழைக்கும் பொறுப்பு சார்கிசியன் கைக்கு வந்தது. கிளெம்சனிடம் 35-31 என்று தோற்றார்கள். ஆனாலும் ஆட்டத் திட்டம் தெரிந்த ஒருவர் உள்ளேயே இருந்தார். அதே 2016-ல் அனலிஸ்டாக இருந்த மைக் லாக்ஸ்லி அடுத்த ஆண்டு களப் பயிற்சியாளராகி, 2018-ல் கோஆர்டினேட்டராகச் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதை வாங்கி, மேரிலாந்தின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார்.

ஒரே அணியில் 'கோ-கோஆர்டினேட்டர்', 'பாஸிங் கேம் கோஆர்டினேட்டர்', 'அசோசியேட் ஹெட் கோச்' என்று இத்தனை பதவிப்பெயர்கள் ஏன்?

மூன்று காரணங்கள். சம்பளத்தை உயர்த்த நிர்வாகத்துக்கு ஒரு நியாயம் வேண்டும். ஒருவரை வேறு அணி இழுக்காமல் இருக்க அவருக்கு உயர்வு காட்ட வேண்டும். உண்மையிலேயே வேலையைப் பிரிக்கவும் வேண்டும். மூன்றாவது காரணத்துக்காக வந்த பெயர் மட்டுமே அணிக்குப் பயன் தருகிறது. 2019-ல் எல்.எஸ்.யு.வில் (லூசியானா ஸ்டேட்) ஜோ பிரேடி பாஸிங் கேம் கோஆர்டினேட்டர், ஸ்டீவ் என்ஸ்மிங்கர் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர். பிரேடிக்கு பிராய்ல்ஸ் விருது, அணிக்குத் தேசியப் பட்டம்.

இரண்டு பேரைச் சம கோஆர்டினேட்டர்களாக அறிவிக்கும்போது ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் வேண்டும்: 25 நொடியில் ப்ளே அனுப்ப வேண்டிய தருணத்தில் கடைசிச் சொல் யாருடையது? கிளெம்சனில் 2015 முதல் டோனி எலியட்டும் ஜெஃப் ஸ்காட்டும் சம பதவியில் இருந்தார்கள். ப்ளே அழைத்தவர் எலியட். அந்தத் தெளிவு இருந்ததால் 2019 வரை அது ஓடியது.

புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்ததும் நியமனம் எந்த வரிசையில் நடக்கும்?

வழக்கமான சீசன் முடியும் நவம்பர் கடைசி வாரமும் டிசம்பர் முதல் வாரமும் பரபரப்பின் உச்சம். 2024 முதல், பள்ளி வீரர்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்திடும் முன்கூட்டிய நாள் டிசம்பர் முதல் புதன்கிழமைக்கு வந்துவிட்டது. புதியவர் வந்திறங்கி மூன்று நாளில் 17 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் 'உங்கள் மகனுக்குப் பயிற்சியாளர் யார்' என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் முதலில் வருபவர் வீரர் தேர்வுப் பிரிவின் தலைவர் அல்லது ஜெனரல் மேனேஜர். அவரோடு வலிமைப் பயிற்சியாளர். ஜனவரி முதல் வசந்தகாலம் வரை வீரர்களோடு மிக அதிக நேரம் இருக்கப்போகிறவர் அவர்தான். அடுத்து இரண்டு கோஆர்டினேட்டர்கள், பிறகு லைன் பயிற்சியாளர்கள், அதன்பின் மற்றவர்கள். பழைய குழுவிலிருந்து ஒருவரையாவது வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் ரன்னிங் பேக் அல்லது ரிசீவர் பயிற்சியாளர். உள்ளூர்ப் பள்ளிகளில் நல்ல உறவு உள்ளவர். அவர் இருந்தால் கையிலிருக்கும் வீரர்களில் பாதிப் பேர் அமைதியடைவார்கள். ஒரே ஒரு இடத்தைக் கடைசிவரை காலியாக வைத்திருப்பதும் அனுபவசாலிகளின் பழக்கம். ஜனவரி, பிப்ரவரியில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் பயிற்சிக் குழுக்கள் கலையும்போது நல்லவர் கிடைக்கலாம்.

பேச்சு முடிந்தபின் காகித வேலை. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பதவியை விளம்பரப்படுத்த வேண்டியிருக்கும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். பின்னணிச் சோதனை, முந்தைய கல்லூரிகளில் விதிமீறல் விசாரணை ஏதும் உண்டா என்ற சோதனை, ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்து. கல்லூரிக்கு வெளியே வீரர் தேடப் போகும் முன் ஆண்டுதோறும் நடக்கும் என்.சி.ஏ.ஏ. விதித் தேர்விலும் தேற வேண்டும். இதை மறந்துவிட்டு விமானம் ஏறினால் அதுவே விதிமீறல்.

உள்ளிருப்பவரை உயர்த்துவதா, வெளியிலிருந்து கொண்டுவருவதா?

இரண்டையும் கிளெம்சனில் பார்க்கலாம். 2021 டிசம்பரில் எலியட் வர்ஜீனியாவுக்கும், டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் பிரென்ட் வெனபிள்ஸ் ஓக்லஹோமாவுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். தலைமைப் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி இரண்டு இடத்தையும் உள்ளிருந்தே நிரப்பினார்: பிராண்டன் ஸ்ட்ரீட்டர், வெஸ் குட்வின். ஸ்ட்ரீட்டர் ஒரு முழு சீசனுக்குப் பிறகு நீக்கப்பட்டார். 2022-க்கான பிராய்ல்ஸ் விருது பெற்றிருந்த காரெட் ரைலி டி.சி.யு.விலிருந்து (டெக்சஸ் கிறிஸ்டியன்) வந்தார். 2025 ஜனவரியில் குட்வினும் நீக்கப்பட்டார்.

அந்த ஒரு நீக்கம் எவ்வளவு தூரம் அலையடித்தது என்று பாருங்கள். கிளெம்சன் பென் ஸ்டேட்டிலிருந்து டாம் ஆலனை எடுத்தது. பென் ஸ்டேட் அப்போதுதான் தேசியப் பட்டம் வென்றிருந்த ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து ஜிம் நோல்ஸை எடுத்தது. ஒஹாயோ ஸ்டேட் பிப்ரவரியில் என்.எஃப்.எல். அனுபவமுள்ள மேட் பட்ரீஷியாவை எடுத்தது. சில வாரத்துக்குள் மூன்று பெரிய அணிகளின் டிஃபென்ஸ் மாறிவிட்டது.

உள்ளிருப்பவரை உயர்த்தினால் ப்ளேக்களின் பெயர்கள் மாறாது, வீரர்கள் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் பழைய தவறுகளும் அப்படியே தொடரும். வெளியாள் வந்தால் வசந்தகாலத்தின் 15 பயிற்சி நாட்களுக்குள் புதிய மொழி கற்றுக்கொடுக்க வேண்டும். அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் கையில் இருந்தால் உள்ளிருந்து எடுப்பது சரி. குவார்ட்டர்பேக்கும் புதியவர் என்றால் வெளியே தேடுவதில் இழப்பு குறைவு.

ஒப்பந்தம் எப்படி இருக்கும்?

பெரிய அணிகளில் கோஆர்டினேட்டருக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு அல்லது இரண்டு. நோல்ஸுக்கு பென் ஸ்டேட் தந்ததாகச் செய்திகளில் வந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 31 இலட்சம் டாலர். சிறிய அணிகளில் தலைமைப் பயிற்சியாளருக்கே அதில் பாதி கிடையாது.

கவனிக்க வேண்டிய பிரிவுகள் இரண்டு. ஒன்று, தானாக விலகினால் கட்ட வேண்டிய தொகை. தலைமைப் பயிற்சியாளராகப் போனால் பெரும்பாலும் அது தள்ளுபடி. அதே பதவிக்குப் பக்கத்து அணிக்குப் போனால் முழுதாகக் கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, நீக்கப்பட்டவர் வேறு வேலையில் சேர்ந்தால் அந்தச் சம்பளத்தைப் பழைய கல்லூரி தரவேண்டிய தொகையிலிருந்து கழிக்கும் பிரிவு. இது இல்லாமல் கையெழுத்திட்ட கல்லூரிகள் வேலையிலில்லாதவருக்கு முழுச் சம்பளமும், புதியவருக்கு இன்னொரு சம்பளமும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 இலட்சம் டாலர். ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போன அதே காலத்தில் பணத்துக்கு இழுபறி வந்துவிட்டது. வரம்பில்லை என்பதற்காக எல்லாரும் ஐம்பது பயிற்சியாளர்களைச் சேர்த்துவிடாததற்கு இதுதான் காரணம்.

வீரர் தேடும் வேலையை எப்படிப் பங்கிடுகிறார்கள்?

ஒவ்வொருவருக்கும் ஒரு நிலப்பகுதி, அதோடு சொந்த அறையின் வீரர்கள். ஹூஸ்டன், டல்லஸ், அட்லாண்டா, தெற்கு ஃப்ளோரிடா போன்ற இடங்களை அங்கே பள்ளிப் பயிற்சியாளர்களைத் தெரிந்தவருக்கே கொடுப்பார்கள். பகுதிக்காரர் முதலில் பார்த்து வடிகட்டுவார். நிலைப் பயிற்சியாளர், அதாவது அந்த அறையின் பயிற்சியாளர், வீடியோ பார்த்து ஒப்புவார். கோஆர்டினேட்டரும் தலைமைப் பயிற்சியாளரும் முடிவு செய்வார்கள். ஒரு வீரரிடம் பொறுப்பாகப் பேசுபவர் யார் என்று குறிக்காமல் விட்டால், இருவர் இரண்டு விதமாக வாக்குக் கொடுத்து அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையைக் கெடுப்பார்கள்.

நல்ல பையன் ஒருவனை இழுக்க அவனுடைய பள்ளிப் பயிற்சியாளரை அனலிஸ்டாக வைத்துக்கொள்ளும் பழைய உத்திக்கு எஃப்.பி.எஸ். தடை போட்டிருக்கிறது. அந்த வீரர் சேர்வதற்கு இரண்டு ஆண்டு முன்னும் பின்னும் அப்படி நியமிக்கக் கூடாது. பத்துக் களப் பயிற்சியாளர்களில் ஒருவராக எடுப்பதற்குத் தடை இல்லை.

போட்டியன்று யார் மேலே அரங்கத்து மாடப் பெட்டியில், யார் கீழே எல்லைக்கோட்டில்?

மேலிருந்து பார்த்தால் 22 பேரும் தெரிவார்கள். கீழே இருந்தால் வீரரின் கண்ணைப் பார்த்துப் பேசலாம். கோஆர்டினேட்டர் எங்கே இருக்கிறார் என்பது அவரவர் விருப்பம். லைன் பயிற்சியாளர் மட்டும் கீழேதான் வேண்டும்; அணி பந்தோடு ஆடும் ஒவ்வொரு சுற்றும் (ட்ரைவ்) முடிந்ததும் ஐந்து பேரையும் உட்காரவைத்துத் திருத்துவது அவர் வேலை. மேலே குறைந்தது இருவர்: ஒருவர் எதிரணியின் முன்வரிசையைப் பார்க்க, ஒருவர் பின்வரிசைக் கவரேஜைப் பார்க்க.

2024 முதல் எஃப்.பி.எஸ்.ஸில் களத்திலுள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் நேரடியாகப் பேசலாம். அவர் ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். ப்ளே கடிகாரத்தில் 15 நொடி மிச்சமானதும் அல்லது பந்து நகர்ந்ததும் தொடர்பு அறுந்துவிடும். இங்கே தவறும் இடம்: ஹெட்செட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது. ப்ளேக்களுக்கு இடையே கோஆர்டினேட்டரின் காதில் ஒரே ஒரு குரல்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் ட்ரைவ் முடிந்தபின் பேசலாம்.

தலைமைப் பயிற்சியாளர் தன் மகனையோ சகோதரரையோ நியமிக்கலாமா?

என்.சி.ஏ.ஏ. தடுக்காது. பல்கலைக்கழகங்களின் உறவினர் நியமன விதிகள் குறுக்கே வரும். அயோவாவில் தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரென்ட்ஸின் மகன் பிரையன் 2017 முதல் 2023 வரை ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்தார். அந்த விதியால் அவர் தந்தைக்குக் கீழே வராமல் விளையாட்டுத் துறை இயக்குநருக்குப் பதில் சொல்பவராக இருந்தார். ஆஃபென்ஸ் சரிந்தபோது 2023 பிப்ரவரியில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது: சம்பளம் 50,000 டாலர் குறைப்பு, இலக்காக ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி, குறைந்தது 7 வெற்றி. டிஃபென்ஸும் ஸ்பெஷல் டீம்ஸும் எடுக்கும் புள்ளிகளும் அந்தச் சராசரியில் சேரும். அப்படியும் சராசரியை எட்டவில்லை. அக்டோபர் முடிவில் இதுவே அவருடைய கடைசி சீசன் என்று துறை அறிவித்தது. அதே அணியின் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கர் அந்த ஆண்டு பிராய்ல்ஸ் விருது பெற்றார்.

நியமித்தவர் நீக்க முடியாத அமைப்பு என்பதுதான் இதில் உள்ள சிக்கல். உறவினர் நிலைப் பயிற்சியாளராக இருந்து, கோஆர்டினேட்டருக்குக் கீழே வேலை செய்தால் பெரிய இடர் இல்லை.

சிறிய கல்லூரிகளில்?

இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் முழுநேர உதவியாளர்கள் சிலர்தான். மிச்சம் பகுதிநேரக்காரர்களும் கிராஜுவேட் அசிஸ்டன்ட்களும். ஒரே ஆள் டிஃபென்சிவ் பேக்குகளையும் பார்த்து, வீடியோவையும் பிரித்து, பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்வார். இங்கே டிஃபென்ஸின் பின்வரிசையை இரண்டாகப் பிரிக்க முயலாமல், ஆஃபென்சிவ், டிஃபென்சிவ் லைன்கள் இரண்டுக்கும் முழுநேர ஆட்களைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பகுதிநேரக்காரர்களுக்குக் கொடுப்பது நல்லது. பகுதிநேரக்காரர் மாலைப் பயிற்சிக்குத்தான் வருவார். அவருடைய அறைக்கான அன்றைய திட்டம் மதியத்துக்குள் அவர் கைபேசியில் இருக்க வேண்டும்.